முன்னால் நிற்கும் சைபர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்)

பட்டம் என்றால் எங்கள் வீட்டில் இதுவரை வானத்தில் பறப்பதுதான். அதைப் படித்து வாங்கப் புறப்பட்ட முதல் ஆள் நான். அப்பா பேருந்து நிலையத்தருகே சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக் கொள்கிறார்.

சென்ற பருவத்தில், கையால் எழுதிய இலக்கங்களை அடையாளம் காணக் கணினிக்குக் கற்பிக்கும் பணி எனக்குக் கிடைத்தது. எம்னிஸ்ட் என்ற தொகுப்பில் பயிற்சிக்கென்று 60,000 படங்கள்; ஒவ்வொன்றும் 28-க்கு 28 புள்ளிகள், அதாவது 784 பைட்டுகள். தனித்தனிக் கோப்புகளாக வைத்தால் திறந்து மூடுவதிலேயே பொழுது போய்விடும். ஆகவே எல்.எம்.டி.பி. என்ற தரவுத்தளத்தில் போட்டேன். அதில் அட்டவணை கிடையாது; சாவி ஒன்று, அதற்குரிய மதிப்பு ஒன்று, அவ்வளவே. பைதானில் சாவியைக் கொடுத்தால் மதிப்பு பைட்டுகளாக வரும். அதை நாம் மீண்டும் படமாக்கிக் கொள்ள வேண்டும். இல்லாத சாவியைக் கேட்டால் சண்டை போடாது, வெறுங்கையைக் காட்டும்.

படங்களுக்கு 0 முதல் 59999 வரை சாவி இட்டேன். விடைகளைத் தனிப் பட்டியலாக வைத்தேன். கர்சர் கொண்டு முதலிலிருந்து வரிசையாகப் படித்துப் பயிற்சி கொடுத்தேன். சோதித்தால் பத்துக்கு ஒன்றுதான் சரி! கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு வருமே! முதல் இரண்டு படங்களை விடையோடு ஒப்பிட்டேன். 5-க்கு 5, 0-க்கு 0, பொருந்தின. அப்படியானால் கோளாறு என் மூளையில்தான் என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் ஆய்வகப் பக்கமே போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் மகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் மனமே என்னை ஏசியது.

மூன்றாம் நாள் மாலை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். ஆணிகளில் தகர டோக்கன்கள் தொங்கின: 007, 008, 009...

"ஏம்பா, வெறும் ஏழுன்னு போட்டா ஆகாதா? முன்னாடி ரெண்டு சைபர் எதுக்கு?"

"வெறும் ஏழுன்னா எவனாவது பக்கத்துல ஒரு நம்பரக் கீறி எழுபத்தஞ்சு ஆக்கிடுவான்டா. இடத்த அடைச்சு வச்சா வம்பில்ல."

அவர் சொன்ன காரணம் வேறு. எனக்குள் உறைத்தது வேறு. அந்தத் தரவுத்தளத்துக்கு எண் தெரியாது. அகராதி போல, சாவிகளை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடுக்கும். 0, 1 ஆகியவற்றை அடுத்து 10 வரும். பிறகு 100, 1000, 10000. 2 எங்கோ தொலைவில் நிற்கும்!

மறுநாள் ஓடிப்போய் மூன்றாவது படத்தைப் பார்த்தேன். விடை 4 என்றது; படத்தில் இருந்ததோ 3. சாவிகளை 00000, 00001, 00002 என்று ஐந்து இலக்கமாக்கி மீண்டும் பயிற்சி கொடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக வந்தது. "விடையையும் படத்தோடு ஒரே மதிப்பாகக் கட்டி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே!" என்று சிரித்தார் எங்கள் பேராசிரியர்.

நண்பர்களே! முதல் இரண்டு பொருந்தியதும் எல்லாம் பொருந்திற்று என்று நம்பியது என் முதல் பிழை. மூன்றாவதைப் பாராமலே என் பிறப்பை நொந்துகொண்டது அதைவிடப் பெரிய பிழை. கணினி யாருடைய பரம்பரையையும் கேட்பதில்லை, சாவியைத்தான் கேட்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அன்று முழுதும் டோக்கன் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எம்மவன் கம்ப்யூட்டருக்கே நம்பர் சொல்லிக் குடுக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.