வேர்வையில் எவ்வளவு உப்பு?

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் கரடியனாற்று வயல்களில் நிற்கும் பெண்களின் சட்டை முதுகைப் பாருங்கள். வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். தண்ணீர் காற்றோடு போய்விட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. புத்தளத்து உப்பளத்தில் நடப்பதும் இதுதான்.

இந்தச் சின்ன விடயம் எங்கள் வீட்டுக்குள் பெருங்கவலையாக வந்தது, இலண்டனில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு. பிறந்து ஐந்தாம் நாள் குதிக்காலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் ‘சிஸ்டிக் பைப்ரோசிஸ்’ என்ற பரம்பரை நோயையும் அங்கே தேடுகிறார்கள். 2007 தொடக்கம் நாடு முழுவதும் இது நடக்கிறது. நுரையீரலிலும் சதையியிலும் சளி தடித்து அடைக்கும் நோய் அது. எங்கள் பிள்ளையின் இரத்தம் சந்தேகம் காட்டியது. அதைத் தீர்க்க வேர்வையைச் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

சோதித்த அன்று இரவு மகள் அழைத்தாள். "அம்மா, எடுத்த வேர்வை காணாதாம். திரும்ப வரட்டாம்."

பக்கத்தில் இருந்த என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "துளியெண்டாலும் உப்பு உப்புத்தானே புள்ள?"

நியாயமான கேள்வி. ஆனால் வேர்வை அப்படியில்லை. சுரப்பியின் அடியில் அது நல்ல உப்பாகவே ஊறுகிறது. மேலே வரும் வழியில் உடம்பு உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக வந்தால் உறிஞ்ச நேரம் கிடைக்கும், உப்புக் குறையும். வேகமாக வந்தால் கூடும். ஆகவே கொஞ்சமாக வந்த வேர்வையை நம்பி நோய் இல்லை என்று சொல்ல முடியாது. எடுத்த வேர்வை மூடாமல் கிடந்து ஆவியானால் இலக்கம் பொய்யாக ஏறும். தோலில் முன்பே காய்ந்திருந்த உப்புச் சேர்ந்தாலும், தாதியின் விரல் பட்டாலும் அப்படித்தான். அதனால் தோலை உப்பில்லாத தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே தொடங்குகிறார்கள்.

இந்த நோயாளிகளின் வேர்வையில் உப்பு அதிகம் என்று 1953இல் நியூயோர்க்கில் டி சான்ட் அக்னீஸ் என்ற வைத்தியர் கண்டறிந்தார். 1948இல் அங்கே அடித்த வெயிலில் இந்தப் பிள்ளைகள் கூடுதலாக மயங்கியதுதான் தொடக்கம். பிறகு வேர்வை எடுப்பதற்காகப் பிள்ளைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிச் சூடாக்கினார்களாம். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அந்தச் சூட்டில் இறந்த குழந்தைகளும் உண்டு. 1959இல் கிப்சன், குக் இருவரும் பைலோகார்ப்பின் என்ற மருந்தை மெல்லிய மின்சாரத்தால் தோலுக்குள் செலுத்தி, கையில் ஒரு சிறு இடத்தை மட்டும் வேர்க்கவைத்தார்கள். இன்றும் அந்த முறைதான். அரை மணித்தியாலத்துக்குள் எடுத்து விடுகிறார்கள்.

நம் வெயிலில் விளையாடி வந்த எந்தப் பிள்ளையை முத்தமிட்டாலும் உப்புக் கரிக்கும்; அதற்குப் பயப்பட வேண்டாம். ஓயாத சளியும், எண்ணெய்ப் பசையான மலமும், ஏறாத நிறையும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை போதிய வேர்வை வந்தது. குளோரைட் 19. அறுபதும் அதற்கு மேலும் என்றால் நோய். முப்பதுக்குக் கீழே பெரும்பாலும் பயமில்லை. மகள் அழுதுகொண்டே சொன்னாள். அம்மாவுக்கு இலக்கம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"கரண்டு பிடிச்சாங்களே, புள்ளைக்கு நொந்ததா?" என்றுதான் கேட்டார்.