கயிறும் மருந்தும்

திருப்பூரில் சனிக்கிழமை, சம்பள நாள். உழைத்தவன் பையிலே வாரக்கூலி, வழியிலே மதுக்கடை, வாசலிலே காத்திருக்கும் மனைவி. கூலி வாசல் வந்து சேராத வீடுகள் எத்தனை!

நம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். தந்தை, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை இம்மியும் பிசகாமல் வெட்டிய கை, பாயில் கிடந்து நடுங்கிற்று. சுவரில் பாம்பு ஊர்கிறதென்று அலறினார். மணிக்கட்டிலே மஞ்சள் கயிறு!

"கோயில்ல கயிறு கட்டி மூணு நாளாச்சுங்க வாத்தியாரே! ஒரு சொட்டுத் தொடலீங்க. சாமி குத்தமுங்களோ என்னமோ!" என்று கதறினார் மனைவி. பூசாரியை அழைக்க ஆள் போயிருந்தது.

சாமியுமல்ல, பேயுமல்ல, தோழர்களே! ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், மது அடக்கி வைத்திருந்த நரம்பு மண்டலம் கட்டுமீறிக் கொந்தளிக்கும். முதலில் கை நடுங்கும்; ஓரிரு நாளில் வலிப்பு வரலாம்; மூன்றாம் நாளளவில் இல்லாதவை கண்ணில் தெரியலாம். கவனியாவிடில் உயிரே போகலாம். கொந்தளிப்பைத் தணிக்க மாத்திரை உண்டு. மூளையைக் காக்க வைட்டமின் பி1 ஊசி உண்டு. கயிற்றிலே என்ன உண்டு?

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள், மகனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

உடல் தெளிவது தொடக்கமே. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை காட்டிய வழி இது: மருந்தோடு மனநல ஆலோசனை, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அறிவுரை, வீடு திரும்பிய பின்னும் தொடர் கவனிப்பு. மீண்டும் வழுக்கி விழுந்தால் மீண்டும் சிகிச்சை. வழுக்குவது பாவமன்று, இந்நோயில் அடிக்கடி நேர்வது.

பூசாரியை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியுமா? மது ஒழிக என மேடையிலே முழங்கினோம். மேடையை விட்டிறங்கியதும் குடித்தவனை எள்ளி நகையாடினோம். அந்தச் சிறுவனையே ஒருநாள், "குடிகாரன் மகன்தானே!" என்று வகுப்பில் ஏசியவர் வேறு யாருமல்ல, நாமேதான். அன்று தலை குனிந்தவன் அவன். இன்று குனிவது நாம்.

மாதந்தோறும் மருந்துச் சீட்டோடு புறப்படுகிறார் அவர். கயிறு இன்னும் கையிலே இருக்கிறது, அவிழ்க்கச் சொல்லவில்லை. பேருந்து நிலையம்வரை உடன் செல்கிறோம்.

உங்கள் தெருவிலும் ஒரு கை நடுங்கும், தோழர்களே! சத்தியம் கேட்காதீர், ஏளனம் செய்யாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்!