பிடித்தால் நிற்கணும், தட்டினால் உதிரணும்

சித்தியவானிலிருந்து ஆயர் தாவார் போகும் சாலையை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் சற்று உள்ளே போனால் அந்த நாற்றுப்பண்ணை. காலை ஏழரை மணிக்கு நான் போய் நின்றபோது தகரக் கொட்டகைக்கு வெளியே லாரி மண் குவிந்து கிடந்தது. பக்கத்தில் கறுப்புப் பைகள் கட்டுக் கட்டாக இருந்தன. மூன்று தமிழ்ப் பெண்களும் வங்காளதேச இளைஞர்கள் இருவரும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

"பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டார் மூத்தவர். ஆயிற்று என்றேன். "அப்ப உட்காருங்க. மண்ணப் பத்தி எழுதறதுன்னா நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது."

அவரை அக்கா என்றே எழுதுகிறேன். வயது அறுபத்தெட்டு. பதினான்கு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டுக்குப் போனவர். பிறகு பால்வெட்டு. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது உரம் போட்டார், உதிரிப்பழம் பொறுக்கினார். லயத்தை இடித்து வீடமைப்புக்கு எடுத்துக்கொண்ட பிறகு, பதினெட்டு ஆண்டுகளாக இங்கே பை நிரப்புகிறார்.

பை நிரப்புவது எளிய வேலைபோலத்தான் தெரியும். முளைவிட்ட செம்பனை விதையை முதலில் சின்னப் பையில் வைத்து மூன்று மாதம் வளர்க்கிறார்கள். பிறகு பெரிய பைக்கு மாற்றுகிறார்கள். காட்டில் நடும்வரை, ஏறக்குறைய ஓராண்டு, அந்தப் பைக்குள் இருக்கிற மண்தான் கன்றுக்கு நிலம். அது இறுகினால் வேர் மூச்சு முட்டும். மணலாக இருந்தால், நடுவதற்குப் பையைக் கிழிக்கும்போதே மண் சரிந்து வேர் அறுந்துவிடும். கிழித்த பிறகும் குடம்போல நிற்க வேண்டும். ஆனால் உள்ளே காற்றும் நீரும் நடமாட வேண்டும்.

அக்கா சல்லடையில் விழுந்த மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கினார். விரல்களைத் திறந்தபோது உள்ளங்கையில் கொழுக்கட்டைபோல நின்றது. கட்டைவிரலால் லேசாகத் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"புட்டு மாவு பதம் பாக்கறமில்ல, அதேதான். பிடிச்சா நிக்கணும், தட்டுனா உதிரணும். நிக்கலன்னா மணலு. உதிரலன்னா களி."

"கெம்பூர், காக்கா, கெம்பூர்" என்று சிரித்தான் வங்காளதேசத்துப் பையன் ஒருவன். பொலபொலப்பான மண்ணுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. 'அக்கா' அவன் வாயில் மலாய் 'காக்கா' ஆகியிருந்தது.

உதிர்ந்த மண்ணைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மாவு இல்லை, குருணை. கடுகளவும் மிளகளவுமாக உருண்டைகள். மண்ணியல் இதை மண் திரள் என்கிறது. களித்துகள் ஒன்றின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. அப்படிப்பட்ட துகள்கள் ஒட்டி ஒட்டித்தான் இந்தக் குருணை உருவாகிறது. ஆஸ்திரேலியாவின் டிஸ்டல், ஓட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1982இல் எழுதிய கட்டுரை இந்த ஒட்டலைப் படிப்படியாக விளக்கியது. களித்துகளும் மட்கும் சேர்ந்து கால் மில்லிமீட்டருக்குக் குறைவான நுண்திரள் ஆகின்றன. இந்தக் கட்டு எளிதில் குலையாது. அந்த நுண்திரள்களைச் சல்லிவேர்களும் பூஞ்சை இழைகளும் வலைபோலச் சுற்றிப் பிடித்துப் பெருந்திரள் ஆக்குகின்றன. நுண்ணுயிர்கள் கசியவிடும் பிசின் இடையில் பசையாகிறது. ஆனால் பிசின் சில வாரங்களில் தீர்ந்துவிடும், வேரும் இழையும் சில மாதங்களில் மட்கிவிடும். புதிய வேரும் புதிய சருகும் வந்துகொண்டே இருந்தால்தான் பெருந்திரள் நிலைக்கும். மண்புழு தன் பங்குக்கு மண்ணைத் தின்று, குருணையாகவே வெளியே தள்ளுகிறது.

குருணைக்கும் குருணைக்கும் நடுவே பெரிய இடைவெளி. அதன் வழியாக மழைநீர் இறங்கும், காற்று ஏறும். குருணைக்குள்ளே நுண்ணிய துளைகள். அவற்றில் ஈரம் தங்கும். ஒரே மண் வடிக்கவும் வேண்டும், தேக்கவும் வேண்டும் என்ற முரண் இப்படித்தான் தீர்கிறது. களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்பது மட்டும் மண்ணின் தரத்தைச் சொல்லிவிடாது. அதே செங்கல், அதே சுண்ணாம்புதான். கட்டினால் வீடு, கொட்டினால் குவியல்.

பத்து மணிக்குத் தே ஓ வந்தது. குடித்துக்கொண்டே அக்காவிடம் என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். பாட்டியும் பேராக்கின் ஒரு கித்தாத் தோட்டத்தில் புல்வெட்டுக்காரிதான். நிரைக்குக் கூலி. பால்மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் அந்த நிரைக்குப் பேர் விழாது என்பார். சங்கோலால் சுரண்டிச் சுரண்டித் தரை கோயில் வாசல்போல இருக்குமாம். துரை பைசிக்கிளில் வந்து பார்த்துத் தலையாட்டுவாராம்.

அது பாட்டி வேலை பார்த்த தோட்டத்தின் பழக்கம் மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் அதுவே விதி. களையில்லாத் தரைதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம். ஆனால் நடந்தது வேறு. மழைத்துளி பெரிதானால் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். மேலே பால்மரம் குடை பிடிக்கிறதே என்று நினைக்கலாம். இலையில் சேர்ந்து சொட்டுகிற துளி இன்னும் பெரிது. அந்த உயரத்திலிருந்து விழும்போது அதன் வேகமும் குறைவில்லை. கீழே புல்லோ சருகோ இல்லாத தரையில் அது குருணையை உடைக்கும். உடைந்த துகள் துளைகளில் போய் அடைந்து, காய்ந்ததும் தரைமேல் ஓடுபோலப் படியும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடி, மேல்மண்ணைக் கானுக்கும் ஆற்றுக்கும் கொண்டுபோகும். சரிவான தோட்டங்களில் ரப்பர் வேர்கள் வெளியே தெரிகிற அளவுக்கு மண் போனது.

ரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் அமைந்தது. அதன் மண் ஆய்வாளர் ஹெய்ன்ஸ் 1930களில் எழுதிய கையேடு, மரத்தடியில் தானாக முளைக்கும் செடிகளின் பயனைப் பற்றியது. அவற்றை ஒழிக்காமல் அடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னது. இதோடு பியூரேரியா, கலோப்போகோனியம், சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளைப் படரவிடும் முறையும் பரவியது. தோட்டத்தில் அதற்கு வெறும் 'கொடி' என்றுதான் பேர்.

"நான் வேலைக்கு வந்தப்ப கொடி இருந்துச்சு" என்றார் அக்கா. "ஆனா மரத்தச் சுத்தி வட்டம் வெட்டணும். வட்டத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. மழை பேஞ்சா அந்த வட்டத்துலதான் தண்ணி நிக்கும். கொடிக்குள்ள நிக்காது. இது எங்களுக்குத் தெரியும் தம்பி. யாரு கேட்டா?"

குவியலைச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் மண் சாம்பல் நிறத்தில், வழவழப்பாக இருந்தது. கடற்கரைக் களி. சித்தியவான் வட்டாரத்தின் தாழ்நிலம் பெரும்பாலும் இப்படித்தான்: கடலும் டிண்டிங் ஆறும் சதுப்புக் காடும் சேர்ந்து படிய வைத்த மண். 1903இல் மெதடிஸ்ட் மிஷன் வழியாக வந்து குடியேறிய ஃபூச்சோவ் சீனர்களும், பிறகு சுற்றுத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களும் கான் வெட்டி வடித்த நிலங்கள் இங்கே நிறைய. உப்புநீரில் களித்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கீழே படியும். மழை உப்பைக் கழுவிய பிறகும் சோடியம் துகளோடு ஒட்டியிருந்தால், அதே துகள்கள் விலகிப் பால்போலக் கலங்கும். சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்தால் மறுபடி கூடும். சில இடங்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கந்தகம் கலந்த களியை ஆழக் கான் வெட்டி உலரவிட்டால் காற்றுப் பட்டு அமிலமாகும். கான் தண்ணீர் துரு நிறத்தில் ஓடும். கட்டியை உடைத்தால் வைக்கோல் மஞ்சளில் புள்ளி தெரியும்.

"அந்த மஞ்சள் இருந்தா நான் பையில போட மாட்டேன்" என்றார் அக்கா. ரசாயனம் அவருக்குத் தெரியாது. கன்று நுனி கருகியதைப் பார்த்திருக்கிறார், அது போதும்.

எமர்சன் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1967இல் ஒரு எளிய சோதனையை வகுத்தார்: மண்கட்டியை நீரில் போட்டுப் பார்ப்பது. அதைச் செய்து பார்க்கலாமா என்றேன். மூன்று கண்ணாடிக் குவளைகள் வந்தன. முதலாவதில் சாம்பல் களிக்கட்டி. இரண்டாவதில், டிராக்டர் போகும் பாதையோரத்து இறுகிய கட்டி. மூன்றாவதற்கு அக்காவே எழுந்து போனார். கொட்டகைக்குப் பின்னால் அவர் வைத்திருக்கும் வெண்டைக்காய்ப் பாத்தியிலிருந்து விரலளவு கட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அவர் அந்தப் பாத்தியைக் கொத்துவதே இல்லை. புல்லை வெட்டி அங்கேயே போடுவார். சோற்றுக் கஞ்சி, வாழைமட்டை, ஆட்டுப் புழுக்கை எல்லாம் அங்கேதான்.

பாதைக் கட்டி நீரில் விழுந்ததும் குமிழி விட்டது. இரண்டு நிமிடத்தில் பொடிப்பொடியாகச் சரிந்தது. நீர் வேகமாக உள்ளே புகும்போது துளைகளில் அகப்பட்ட காற்று நெருக்கப்பட்டு, வெளியே வரும் வேகத்தில் கட்டியை வெடிக்கச் செய்கிறது. அதைத் தாங்கும் பசை அந்தக் கட்டியில் இல்லை. களிக்கட்டி அப்படி உடையவில்லை. அதன் ஓரங்களிலிருந்து வெண்புகைபோல ஒன்று மெல்லக் கிளம்பிக் குவளை முழுவதும் கலங்கியது. வெண்டைக்காய்ப் பாத்திக் கட்டி இரண்டு குமிழி விட்டு அடங்கியது. நீர் தெளிவாகவே இருந்தது. கட்டி அப்படியே கிடந்தது.

வங்காளதேசத்துப் பையன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தான்.

அக்காவின் பாத்தி ஒரு சின்னத் துண்டு. பண்ணைக்குத் தேவையோ லாரிக் கணக்கு. ஒரு பைக்குக் குறைந்தது 15 கிலோ மண். 10,000 பைக்கு 150 டன். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல்மண்ணை வழித்தால்கூட, அதற்கு ஏறக்குறைய 800 சதுர மீட்டர் நிலம் மொட்டையாக வேண்டும். வீடமைப்புக்குத் தள்ளிய நிலத்திலிருந்து பெரும்பாலும் மண் வருகிறது என்றார் பண்ணை வேலையை மேற்பார்க்கும் மண்டோர். முன்பு நல்ல மண் வரும், இப்போது புல்டோசர் மேலும் கீழும் கலந்து அள்ளிவிடுகிறது என்பது அவர் குறை. திரள் உருவாக வேரும் புழுவும் பல மழைக்காலம் உழைத்திருக்கும். அதைக் கலைக்க ஒரு பிற்பகல் போதும்.

செம்பனைத் தொழில் சிலவற்றைக் கற்றுக்கொண்டதும் உண்டு. பழைய மரங்களை எரித்து மறுநடவு செய்த காலம் போய், 1980களின் பிற்பாதியிலிருந்து தண்டுகளைச் சீவி நிலத்திலேயே மட்கவிடுகிறார்கள். கோல்டன் ஹோப் நிறுவனத்தின் எரிக்காத முறைக்கு 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளையும் பல தோட்டங்கள் மரத்தடியில் பரப்புகின்றன. இந்தப் பண்ணையிலும் நிரப்பிய பையின் மேல் செம்பனைக் கொட்டை ஓட்டைத் தூவுகிறார்கள். தெளிப்பான் நீர் நேராக மண்ணில் அடிக்காமல் ஓட்டில் பட்டு இறங்கும். பாட்டி சுரண்டியெடுத்த போர்வையின் சின்ன உருவம் அது.

மதியத்துக்கு முன் இன்னொரு லாரி வந்தது. அக்கா போய் ஒரு பிடி இறுக்கிப் பார்த்தார். தட்டினார், உதிரவில்லை. மறுபடி தட்டினார். கைரேகை அச்சாகப் பதிந்து களி அப்படியே இருந்தது. "இது வேண்டாம்" என்றார். மண்டோர் தலையைச் சொறிந்தார். லாரிக்குப் பணம் கொடுத்தாயிற்று. கடைசியில் ஓர் ஏற்பாடு: இரண்டு பங்கு பழைய மண், ஒரு பங்கு இது, நொறுக்கி மட்கவைத்த வெறுங்குலை ஒரு பங்கு. கலந்து, சலித்து, மறுபடி பதம் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் மூன்று பெண்களும் ஒரு பைகூட நிரப்பவில்லை.

கூலி எப்படி என்று கேட்டேன்.

"பைக் கணக்குதான் தம்பி."

"இந்த ஒரு மணி நேரத்துக்கு?"

அக்கா சிரித்தார். "மண்ணு பாக்கறதுக்கு யாரு காசு கொடுக்கறாங்க?"

பாட்டிக்கு நிரைக் கணக்கு, சுத்தத்துக்குக் கூலி. மண் போனது யார் பேரேட்டிலும் ஏறவில்லை. அக்காவுக்குப் பைக் கணக்கு. மண்ணைக் காத்தது எந்தப் பேரேட்டிலும் ஏறப்போவதில்லை.

கிளம்பும் முன் குவளைகளைப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முதல் இரண்டும் சேறு. மூன்றாவதில் கட்டி ஓரத்தில் கொஞ்சம் கரைந்து, மற்றபடி அப்படியே இருந்தது. அக்கா அந்த நீரைப் பக்கத்துக் கன்றுக்கு ஊற்றினார். கட்டியை அதே பையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு நோட்டை எடுத்து அன்றைய பைகளை எண்ணத் தொடங்கினார்.