எஞ்சின் இல்லாத வண்டி

மாசி பிறந்துவிட்டால் பாபநாசம் ரோட்டில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிசான அறுவடை நடக்கும் நேரம். சேரன்மகாதேவியைச் சுற்றிக் கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களுக்குள் வெளிமாவட்டத்து அறுவடை எந்திரங்கள் இரைந்துகொண்டிருக்க, ரோட்டில் நெல் ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். வைக்கோல் ஏற்றியது ரோட்டையே அடைத்துக்கொண்டு வரும். களக்காட்டுப் பக்கத்து வாழைத்தார் லாரி அதை முந்தப் பார்க்கும். இந்த நெரிசலுக்கு நடுவில் எங்காவது ஒரு டிரெய்லர் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். முன்னால் டிராக்டர் இருக்காது. கழற்றிக்கொண்டு ஆள் கூப்பிடப் போயிருக்கும்.

அப்படிக் கூப்பிடப் போகிற இடம் ஒன்றில் இந்த அறுவடைப் பருவத்தில் போய் உட்கார்ந்தேன். ரோட்டை ஒட்டி மூன்று கடைகள். வேப்பமரத்தடியில் டயர் தொங்கும் பஞ்சர் கடை, அதன் ஓரத்தில் வெல்டிங் பட்டறை, கடைசியில் பெயர்ப் பலகையே இல்லாத டிராக்டர் மெக்கானிக்கின் தகரக் கொட்டகை. மூன்று பேரும் தனித்தனித் தொழில்காரர்கள். ஆனால் அறுவடைக் காலத்தில் ஒரே ஆளைப்போலத்தான் வேலை பார்க்கிறார்கள். போன் மெக்கானிக்குக்கு வரும். விஷயத்தைக் கேட்டதும், பஞ்சரா, பட்டை ஒடிந்ததா, பேரிங்கா என்று பார்த்து யார் கிளம்புவது என்பதை அவர் சொல்வார்.

மெக்கானிக்குக்கு ஐம்பது தாண்டியிருக்கும். டவுனில் ஒரு பட்டறையில் சின்ன வயதில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, தொழில் படித்தவர். டிரைவர்களுக்கு அவர் அண்ணாச்சி. அவருடைய ஒரே புகார் டிராக்டர்களைப் பற்றியது அல்ல, பெட்டி என்று அவர் சொல்லும் டிரெய்லர்களைப் பற்றியது.

“டிராக்டருக்கு ஆயில் மாத்துவான், ஃபில்டர் மாத்துவான், ஆயுத பூசைக்கு மாலை போடுவான். பெட்டியை எவன் பாக்கான்? அதுக்கு எஞ்சின் இல்லைல்லா, அதனால அதுக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சுக்கிடுதான். எனக்கு வார போன்ல பாதிக்கு மேல பெட்டிதான் சார்.”

கூனியூர்ப் பக்கமிருந்து வந்த போன் அதற்குச் சாட்சி. நெல் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லர். வலது சக்கரம் கறகறவென்று சத்தம் போட்டு, பிறகு புகைந்திருக்கிறது. டிரைவர் பையன் இருபது வயதுக்காரன். பாரத்தோடு டிரெய்லரைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு டிராக்டரோடு கடைக்கே வந்துவிட்டான். அண்ணாச்சி முதலில் செய்தது அவனைத் திட்டியதுதான். “ஏலே, பின்பாரம் கூடுனா மூக்கைத் தூக்கிடும்லா? கொண்டு போயி முதல்ல மாட்டு.”

டிராக்டரை மறுபடி மாட்டி, கியரில் போட்டு, பிரேக்கைப் பூட்டியபிறகுதான் சாமான் பை இறங்கியது. நல்ல சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ரோட்டோர மண் இளகியது என்பதால் ஜாக்கிக்கு அடியில் ஒரு தடிப் பலகை. சக்கரம் எழும்பியதும் அச்சுக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை என்பது அவர் கணக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விட்டவர்களை அவருக்குத் தெரியும். மேற்கொண்டு அதைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

ஹப்பின் மூடியைத் தட்டிக் கழற்றினார். நட்டுக்குக் குறுக்கே கிடந்த காட்டர் பின்னை நிமிர்த்தி இழுத்தார். நட்டு கழன்றதும் வெளிப்பக்கத்துச் சின்ன பேரிங் கையோடு வந்தது. அதில் ஒட்டியிருந்த கிரீஸ் கடைந்த மோர்போல வெளுத்திருந்தது. உள்பக்கத்துப் பெரிய பேரிங்கில் கிரீஸே இல்லை. ரோலர்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன.

“வண்டியக் கால்வாய்ல இறக்கிக் கழுவுனியா?”

பையன் தலையாட்டினான். எல்லாரும் செய்வதுதான். நாள் முழுக்க ஓடிச் சூடேறிய ஹப்பைச் சாயங்காலம் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே அடைபட்ட காற்று சட்டென்று சுருங்கும். சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த கிரீஸ் பேரிங்கைக் காப்பாற்றாது. சேற்று வயலுக்குள் இறங்கி ஏறும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கழுவுவதானால் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது கழுவு என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி டீசலில் ஹப்பைக் கழுவ ஆரம்பித்தார்.

புது பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு கை கிரீஸ். பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்கிறார். ரோலர்களின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழுப் புழுவாக வெளியே வரும்வரை விடுவதில்லை. மேலே பூசினால் போதும் என்று நினைக்கிறவர்கள் செய்கிற வேலை ஒரு அறுவடை தாங்காதாம். கடைசியில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு துளி பின்னுக்கு விட்டு, புது காட்டர் பின்னைப் போட்டு மடக்கினார். இறுக்கினால் பேரிங் காயும், தளர்த்தினால் சக்கரம் ஆடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தை அவர் கை அறியும். பையனிடம், கொஞ்ச தூரம் போய் நிறுத்திப் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருக்கக் கூடாது.

இந்தப் புறங்கைச் சோதனைக்குக் காசு ஆகாது. ஆனால் ரோட்டில் செய்கிறவரை நான் பார்க்கவில்லை.

பஞ்சர் கடைக்காரர் கொல்லத்துக்காரர். அப்பா காலத்திலேயே செங்கோட்டை தாண்டி வந்துவிட்ட குடும்பம். தமிழ்நாட்டில் பஞ்சர் கடை என்றால் சேட்டன் என்று இருந்த காலத்தின் மிச்சம். இப்போது அவர் பேசுவது சுத்தமான நெல்லைத் தமிழ். டயரைப் பிரித்ததும் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதற்கு முன்னால், டயரின் உள்வட்டம் முழுவதையும் ஒரு துணியால் துழாவுகிறார். குத்திய பொருள் உள்ளேயே இருந்தால் ஒட்டுப் போட்ட டியூப் அரை மணி நேரத்தில் மறுபடி வந்து நிற்கும். அவர் துணியில் மாட்டுகிறவற்றில் ஆணியைவிட உடைமுள்தான் அதிகம். வரப்போரத்தில் வெட்டிப் போட்ட உடைமரத்து முள் காய்ந்தால் டிராக்டரின் முன் டயரில் ஆணியாகவே இறங்கும்.

பின் டயர் பஞ்சரானால் வேறு கதை. உழவின்போது பிடிமானம் வேண்டும் என்று பின் டயருக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அதை முதலில் வடிக்க வேண்டும். அந்த வேலைக்குப் போகும்போது மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போகிறார்.

அவர் பயப்படுவது முள்ளுக்கு அல்ல, ரிங்குக்கு. டிரெய்லரின் 900-16 டயர்கள் பலவும் லாரி டயரைப்போல இரும்பு ரிங் வைத்துப் பூட்டுகிற வட்டில் உட்காருகின்றன. ரிங் சரியாகப் பள்ளத்தில் உட்காராமல் காற்றடித்தால் அது தெறிக்கும். தெறித்தால் எதிரில் நிற்கிற ஆள் பிழைப்பது அபூர்வம். பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கென்று இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் கூண்டு இல்லை. ரிங் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைப் படுக்கப்போட்டு, வட்டு ஓட்டைகள் வழியாகச் சங்கிலி கோத்து, கம்ப்ரசர் குழாயை மாட்டிவிட்டு எழுந்து தள்ளிப் போய் நிற்கிறார். அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர் யாராக இருந்தாலும், கட்டுரை எழுத வந்தவராக இருந்தாலும், விரட்டப்படுவார்.

வழியில் வண்டி நின்றுபோகும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றின் 102-ஆவது பாட்டில் உப்பு வணிகர்கள் வருகிறார்கள். நுகம் பழகாத இளங்காளைகள், வண்டி நிறையப் பாரம், மேடும் பள்ளமுமான வழி. என்ன நேருமோ என்று அவர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். இளவரசனை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். ஸ்டெப்னியை வைத்து ஒரு அரசகுமாரனைப் புகழ முடிகிற அளவுக்கு அது கேட்பவர்களுக்குத் தெரிந்த பொருளாக இருந்திருக்கிறது! போன தலைமுறை வரை மாட்டுவண்டிக்காரர்களும் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். அச்சு காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். டிரெய்லர் வந்தபோது அந்தக் குழாய் எப்படியோ வழியில் விழுந்துவிட்டது.

சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு வழியாகத் தெற்கே போனால் திருக்குறுங்குடி. 1877-இல் அங்கே பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய கம்பெனிதான் டி.வி.எஸ். மதுரைப் பக்கம் பஸ் ஓட்டியபோது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்து ரோட்டில் கிடந்த ஆணிகள். பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, காந்தம் பூட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் வண்டி ஓட வைக்கும் கருவியை அவர் கம்பெனியே செய்து விற்றது. குறித்த நேரத்துக்கு பஸ் வரும் என்ற பேர் இப்படி வண்டி நிற்பதற்கான காரணத்தைத் தேடித் தேடி அடைத்ததால் வந்தது. அதே ஜில்லாவில், அதே நெல் விளையும் மண்ணில், இன்றைக்கு டிரெய்லர் பேரிங் புகைந்தபிறகுதான் ஹப் மூடி திறக்கப்படுகிறது.

கார்க்காரர்களின் நிலைமை வேறு. டியூப் இல்லாத டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் சிறிய கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசே விதியைத் தளர்த்திவிட்டது. நாங்குநேரி வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் வண்டி நின்றால் 1033-க்கு அடித்து உதவி கேட்கலாம். அந்த எண் தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. சேரன்மகாதேவியில் வண்டி நின்றால் அடிக்கிற எண், டிரெய்லரின் பின்பலகையில் யாரோ பெயிண்டால் எழுதி வைத்த அண்ணாச்சியின் எண்தான்.

நல்ல டிரைவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று வெல்டிங் பட்டறைக்காரரைக் கேட்டேன். சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்து பார்ப்பாராம். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு பலகை, கட்டுக்கம்பி, ஒரு டியூப், டார்ச், அதோடு கொக்கியில் போடுகிற பின் ஒன்று கூடுதலாக. கடைசியில் சொன்னதுதான் அவருக்கு முக்கியம். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்க்கிற பின் தொலைந்துபோனால் பலரும் கையில் கிடைத்த போல்ட்டையோ கடப்பாரைத் துண்டையோ செருகிக்கொண்டு ஓட்டுகிறார்கள். கீழே பூட்டு இல்லாத கம்பி ஸ்பீடு பிரேக்கரில் துள்ளி வெளியே வந்துவிடும். பெரும்பாலான டிரெய்லர்களில் தனி பிரேக்கும் கிடையாது. கழன்றால் அது போகிற போக்குதான். பின்னுக்குத் துணையாக ஒரு சங்கிலியை வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன் என்றால் செலவு என்கிறார்களாம். அதே ஆள்கள் டிராக்டர் பம்பரில் பெயரை ஸ்டீல் எழுத்தில் வைக்கக் காசு கொடுக்கிறார்கள் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருட்டியபிறகு வரும் போன்களுக்கு மூவரும் கிளம்பும் முறையே வேறு. பழுதான வண்டியையோ டிரெய்லரையோ மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி பொது இடத்தில் விட்டுவைக்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் டிரெய்லரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும் என்பதும் விதி. நிஜத்தில் ரிஃப்ளெக்டர் மேல் சேறு, இல்லாவிட்டால் வைக்கோல். நின்றுபோன டிரெய்லரைப் பின்னால் பைக்கில் வருகிறவர் காண்பது மோதுகிற தூரத்தில்தான். அதனால் சாமான் பைக்கு முன்னால் இறங்குவது ஒரு சிவப்பு முக்கோணமும் மினுக்கு விளக்கும். அவற்றைக் கொண்டுபோய் வண்டிக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. நல்ல தூரம் பின்னால் நடந்து, வளைவு இருந்தால் வளைவுக்கும் அப்பால் வைக்கிறார்கள்.

முக்கோணம் இல்லாத டிரைவர்கள் வேப்பங்குழையை ஒடித்துப் போட்டு, சுற்றிலும் பெரிய கல்லாக வைப்பார்கள். குழையை வண்டிகள் ஏறி நசுக்கிவிடும், கல் நிற்கும். பழுது தீர்ந்து டிரெய்லர் வீடு போய்ச் சேர்ந்தபிறகும் அந்தக் கல் ரோட்டிலேயே கிடக்கும். டிரெய்லரில் மோதி விழுந்தவர்களைவிட, போய்விட்ட டிரெய்லரின் கல்லில் ஏறி விழுந்தவர்களைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறேன் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். ஆகவே இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் டிரைவரே கல்லையெல்லாம் பொறுக்கி ரோட்டுக்கு வெளியே எறிய வேண்டும். அதுவரை அண்ணாச்சி பைக்கைக் கிளப்புவதில்லை. எடுக்காமல் போனவர்களின் எண்கள் அவர் போனில் தனியாகப் பதிந்திருக்கின்றன. அடுத்த தடவை அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால், போன தடவை வைத்த கல்லை எடுத்தாயிற்றா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.