திரும்பி வந்த விண்ணப்பம்

கல்வராயன் மலை மாணவி ஒருத்தியின் உதவித்தொகை விண்ணப்பத்தை, கள்ளக்குறிச்சியில் நான் கணக்குப் பார்க்கும் சிறு அறக்கட்டளையின் மின்னஞ்சலில் அனுப்பினேன். கடைசி நாள். அடுத்த நிமிடமே திரும்பி வந்துவிட்டது. பெறுநர் முகவரி சரிதான். எங்கள் சர்வர் சொன்ன பெயர் அதன் ஐ.பி. எண்ணோடு ஒத்துப்போகவில்லையாம்.

பெயரைச் சரிபார்க்கலாம், ஒத்துப்போகாததற்காக மட்டும் அஞ்சலை மறுக்கக் கூடாது என்கிறது 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 விதி. ஸ்பாம் பயத்தில் பலரும் மறுத்துவிடுகிறார்கள்.

நான் தபால் பிரிவில் இருந்த காலத்தில், அனுப்புநர் முகவரி அரைகுறையாக இருந்தாலும் பதிவேட்டில் எண் போட்ட பிறகுதான் மற்ற விசாரணை.

அன்றிரவே என் ஜிமெயிலிலிருந்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. மறுநாள் சர்வரின் பெயரைத் திருத்தச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் பக்கம் தவறே இல்லையே!