தொண்டு செய்ய வந்த விருந்தினர்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியனார் செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு அப்பெயரையே இட்டனர். பின்னர் அச்சொல் புதியராய் வந்தாரையும், அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. ஆயின், உண்ண வாராது உழைக்க வருவாரையும் விருந்தினர் எனலாமோ? இவ்வையம் எனக்கு வகுப்பறையில் எழுந்ததன்று. சென்ற தை மாதம் தேர்வாய் கண்டிகையின் பக்கத்தே எழுந்தது.

அவ்வூர் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சார்ந்தது. ஒருபால் சிப்காட் தொழிற்பேட்டை. அதனுள் பிரெஞ்சு தேசத்து மிச்செலின் கம்பெனியாரின் டயர்த் தொழிற்சாலை. மற்றொருபால், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டி 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நீர்த்தேக்கம். 500 மில்லியன் கன அடி கொள்ளும் அந்நீர் சென்னை மாநகரத்தார்க்குக் குடிநீராகின்றது. தொழிற்பேட்டை அமைந்த நிலமோ, முன்னாளில் ஊரார் ஆடுமாடு மேய்த்த மேய்க்காலும் காடுமாம்.

இதனை அடுத்துள்ள எங்கள் சிறு சபைக்கு ஜெர்மனி தேசத்துத் திருச்சபையொன்றினின்று வாலிபர் பதினொருவர் பத்து நாள் ஊழியத்தின்பொருட்டு வந்தனர். அவர் வருமுன்னரே சபையில் வழக்கு எழுந்தது. பள்ளிச் சுவருக்கு வெள்ளை பூசுவதே அவர்க்கு வேலை என்று சிலர் கூறினர். மூப்பர் ஒருவர் எழுந்து, “அவர்களுடைய ஆகாய விமானக் கூலியை அனுப்பியிருந்தால் சுவர் முழுவதும் பூசியிருக்கலாம், நம் கொத்தனார் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்குமே!” என்றார். அக்கேள்விக்கு ஒருவரும் விடை கூறவில்லை. இறுதியில், உள்ளூரார் கூலியைக் கெடுக்கும் வேலை எதனையும் விருந்தினர்க்குக் கொடுப்பதில்லையெனவும், ஊர்க்குளத்தைத் தூர்வாரிப் படிக்கட்டைச் செப்பஞ்செய்யும் பணியில் அவர் நம்மவரோடு சேர்ந்து உழைப்பரெனவும், கொத்தனாரே அனைவர்க்கும் தலைவராய் நின்று முழுக் கூலி பெறுவரெனவும் முடிவாயிற்று.

இம்முடிவு எத்துணை அறிவுடையது என்பதைச் சரித்திரம் காட்டும். முதல் உலகப் போரில் அழிந்த வெர்டூன் நகரை அடுத்த எஸ்ன் என்னுஞ் சிற்றூரைச் சீர்ப்படுத்த, 1920-ஆம் ஆண்டு இறுதியில் சுவிட்சர்லாந்து தேசத்துப் பியேர் செரெசோல் என்பார் சில தோழரோடு சென்றனர். தோழருள் ஜெர்மானியரும் இருந்தனர். போரின் புண் ஆறாத அவ்விடத்தில் ஜெர்மானியர்பால் எதிர்ப்பு மிக்கமையால், சில திங்களில் அப்பணி நின்றுபோயிற்று. செய்வாரின் நல்லெண்ணம் மட்டும் அமையாது. ஏற்பாரின் இசைவும் வேண்டும். அவரே 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்திற்குப் பின் பீகாருக்கு வந்து, ஊராரோடு கூடி வீடுகளை எழுப்பினர். ஆங்கு அவர் பணி வேரூன்றியது.

இனி எங்கள் குளத்திற்கு வருவோம். முதல் இரண்டு நாள் விருந்தினர் கையில் மண்வெட்டி நிற்கவில்லை; உள்ளங்கை கொப்புளித்தது. கொத்தனார் புன்னகையோடு பிடிக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். அவர்க்கு ஆங்கிலம் தெரியாது. கற்பித்தற்கு அது தடையாகவுமில்லை. மொழிபெயர்ப்பாளனாக நின்ற எனக்கு அங்கே வேலை குறைவு.

ஐந்தாம் நாள் மாலை வேலை மிகுந்தது. ஆடு வளர்க்கும் பாட்டியார் ஒருவர் எல்லார்க்கும் மோர் கொண்டுவந்தார். வாலிபர் ஒருவர், “தங்களுக்கு எத்தனை ஆடுகள்?” என்று வினவினார். “அறுபது இருந்தன, இப்போது ஆறு. மேய்க்க இடம் எங்கே இருக்கிறது?” என்று பாட்டியார் தொழிற்பேட்டை மதிலின் பக்கம் கை நீட்டினார். என்னருகே நின்ற ஒருவர், “அதைச் சொல்லாதே; விருந்தினர் மனம் நோகும்,” என்று என் காதில் மொழிந்தார். யான் தயங்குதலைக் கண்ட பாட்டியார், “என் பேரனும் அந்த மதிலுக்குள்ளேதான் வேலை செய்கிறான்; அவன் சம்பளத்தில்தான் நான் உண்கிறேன். இரண்டையும் சொல்லு தம்பி,” என்றார். இரண்டையுஞ் சொன்னேன்.

அவ்வாலிபர் சிறிதுநேரம் வாய்திறவாதிருந்து, “இதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?” என்றார். பாட்டியார் நகைத்து, “முதலில் மோரைக் குடி,” என்றார்.

அந்நகைப்பை யான் பலகால் எண்ணியதுண்டு. பத்து நாளில் தீர்க்கத்தக்க குறை அன்று அது. தீர்க்க வந்தேன் என்னும் செருக்கோடு ஒருவன் நின்றால், அவனுக்கு மோரும் கசக்கும். பெறுதற்குக் கை நீட்டியவனுக்கே ஊரின் உண்மை கிட்டுகின்றது. உழைக்க வந்தோர் அன்றே எங்கட்கு விருந்தினராயினர் என்பது என் கருத்து.

மூப்பரின் கேள்விக்கு மட்டும் இன்னும் முழு விடை கிடைத்திலது. விமானக் கூலியின் கணக்கை அன்புரை கொண்டு அழித்தல் நேர்மையன்று. ஆதலின் சபையார் விடைபெறும் நாளில் விருந்தினர் கையில் ஒரு கடிதம் கொடுத்தனர்: அடுத்த முறை எம் வாலிபர் இருவர் உங்கள் ஊருக்கு வந்து உழைக்க விரும்புகின்றனர்; அவர்க்குத் தக்க வேலை யாது, யாருக்குக் கீழ் அவர் வேலை கற்கவேண்டும் என்று எழுதுக என்பதே அதன் சாரம். விடுமுறைதோறும் சிற்றூர்ப் பணிக்குப் புறப்படும் நம் கல்லூரி நண்பர்களும், மூட்டை கட்டுமுன் இத்தகைய கடிதமொன்று எழுதுவரேல் நன்று.