அதிபர் ஊடாக

எங்கள் பக்கத்தில் அதிபர் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரை அவருக்கு. நூல் வெளியீடு நடந்தால் முதற்பிரதி வாங்க அழைக்கப்படுபவரும் பெரும்பாலும் அவர்தான். அந்த மரியாதையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஓலைக் கொட்டிலைக் கட்டடமாக்கியவர்களும், வயலிலும் கடற்கரையிலும் நின்ற பிள்ளைகளைக் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டி வந்தவர்களும் பழைய அதிபர்கள்தாம். என்னைப் படிப்பித்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த மரியாதையின் நிழலில் வேறொன்றும் வளர்ந்திருக்கிறது. அதை ஆசிரியர்கள் நாங்கள் வீட்டில் பேசுவோம், பஸ்ஸில் பேசுவோம், எழுதமாட்டோம். முப்பது வருடம் கற்பித்து ஓய்வுபெற்றபின் இப்போது எழுதுகிறேன்.

2016இல் கிழக்கிலுள்ள ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றுச் சென்றேன். பெயர் வேண்டாம். சாதாரண தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்தேன். அடுத்த வருடம் ஓர் ஆசிரியர் கூட்டத்தில், பெற்றோரிடம் சேர்க்கும் பணத்துக்கு வகுப்பாசிரியர்கள் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். அதிபர் சிரித்தார். "டீச்சர் கணக்காய்வும் படிச்சிருக்காங்க போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்தது.

அடுத்த தவணையில் என் நேரசூசி மாறியது. பதினோராம் வகுப்பு போய், ஒவ்வொரு வகுப்பிலும் மிஞ்சிய பாடவேளைகள் வந்தன. ஆசிரியர் வட்ஸ்அப் குழுமத்திலிருந்து என்னை நீக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, அந்தக் குழுமத்தில் போட்ட அறிவித்தலின்படி நடக்கவில்லையென்று என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். காலைக் கூட்டத்தில், பிள்ளைகள் முன்னிலையில், "சில ஆசிரியர்கள் சம்பளத்துக்கு மட்டும் வருகிறார்கள்" என்று சொல்லும்போது அதிபரின் பார்வை என் பக்கம் இருக்கும். சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் என் பெயரில் நான்கு பதிவுகள் ஏறின. சம்பள ஏற்றப் படிவம் அவருடைய மேசையிலேயே கிடந்தது.

இவை ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பாருங்கள். நேரசூசி போடுவது அதிபரின் அதிகாரம். விளக்கம் கோருவதும் சம்பவத்திரட்டில் எழுதுவதும் அப்படித்தான். எதற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே ஆளின்மீது, மாதக்கணக்கில் வரும்போதுதான் அது வேறொன்றாகிறது. வெளியே சொல்லப்போனால், "இது நிருவாக விசயம்தானே டீச்சர்" என்று முடித்துவிடுவார்கள்.

நான் மட்டுமென்றால் இடமாற்றம் கேட்டுப் போயிருப்பேனோ என்னவோ. அங்கே நியமனம் பெற்று வந்திருந்த ஓர் இளம் பட்டதாரி ஆசிரியை கர்ப்பிணியாக இருந்தாள். ஐந்து மாதம் முடிந்த கர்ப்பிணி உத்தியோகத்தர் அரை மணித்தியாலம் பிந்தி வரவும், அரை மணித்தியாலம் முந்திப் போகவும் சுற்றுநிருபத்தில் இடமுண்டு. அவள் அதைக் கேட்டாள். "புள்ள பெறுறதெண்டா ஊட்டுல இரிக்க வேண்டியதுதானே" என்று காரியாலயத்தில், சிற்றூழியர்களுக்கு முன்னால் பதில் கிடைத்தது. மறுநாளிலிருந்து வரவுப் பதிவேட்டில் அவள் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு விழுந்தது. ஆய்வுகூடத்தில் தனியே இருந்து அழுதாள். "டீச்சர், என்ட நிரந்தரமாக்கல் கடிதம் அவர்ட கையிலதான் இரிக்கு. நான் ஒண்டும் சொல்லேலா" என்றாள். அன்றிரவு நான் எழுதத் தொடங்கினேன்.

எழுதியபோதுதான் முதல் சிக்கல் தெரிந்தது. அரச உத்தியோகத்தர் மேலிடத்துக்கு எழுதும் கடிதம் தன் நிறுவனத் தலைவர் ஊடாகப் போக வேண்டும். அதிபரைப் பற்றிய முறைப்பாடும் 'அதிபர் ஊடாக' என்றுதான் போக வேண்டும். யாரைப் பற்றிச் சொல்கிறேனோ அவர் படித்து, சிபாரிசு எழுதி, கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். நான் ஒழுங்கைக் காத்தேன். மூலப்பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, முற்பிரதியொன்றைப் பதிவுத் தபாலில் வலயத்துக்கு நேரடியாக அனுப்பினேன். மூலப்பிரதி அந்த மேசையை விட்டு நகரவேயில்லை.

அது 2018 ஜனவரி. அதே மாதம் பதுளையில் ஒரு தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபரை, ஊவா மாகாண முதலமைச்சர் தன்முன் மண்டியிட வைத்தார் என்ற செய்தி வெளிவந்தது. ஒரு பிள்ளையின் அனுமதி சம்பந்தமான விடயம். நாடே கொதித்தது, சரியாகவே கொதித்தது. எங்கள் ஆசிரியர் அறையிலும் கொதித்தார்கள். எங்கள் அதிபரும் காலைக் கூட்டத்தில் ஆசிரியர் கௌரவம் பற்றி உருக்கமாகப் பேசினார். அவர் பாசாங்கு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. மேலேயிருந்து வரும் அவமானம் அவருக்கு நன்றாகத் தெரியும். அரசியல்வாதியின் தொலைபேசிக்கு எழுந்து நிற்பவர்தான்; பெறுபேறு குறைந்தால் வலயக் கூட்டத்தில் பேச்சு வாங்குபவர்தான். தான் வாங்கியதைக் கீழே கொடுப்பதும் அதே காரியம் என்பது மட்டும் அவருக்குப் படவில்லை.

மூன்று மாதம் பதில் இல்லை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பு தந்த அவகாசம் ஒரு மாதம். அது காத்திருப்பிலேயே கரைந்தது. நினைவூட்டல் அனுப்பியபின் ஒரு விசாரணை அதிகாரி வந்தார். அதிபரின் அறையிலேயே அமர்ந்து, அதிபர் வரவழைத்த பகற்சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதே அறைக்கு ஆசிரியர்களை ஒவ்வொருவராக அழைத்து வாக்குமூலம் எடுத்தார். யாரும் எதையும் கண்டிருக்கவில்லை. பிறகு ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் என்னிடம் சொன்னார்: "நீங்க சொல்றது அத்தனையும் சரி டீச்சர். எங்கட பேர மட்டும் இழுத்துராதீங்க." அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய சம்பள ஏற்றப் படிவமும் அதே மேசையில்தான் இருந்தது.

விசாரணையின் முடிவு எனக்கு அறிவிக்கப்படவில்லை. அப்போது கைகொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. விசாரணை அறிக்கையும் இணைப்புகளும் வேண்டுமென்று விண்ணப்பித்தேன். தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டிய பதினான்கு வேலைநாட்கள் கடந்தன. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தேன். கடைசியில் ஒரு தடித்த உறை வந்தது.

அறிக்கை இரண்டே பக்கம். 'அதிபருக்கும் ஆசிரியைக்கும் இடையில் கருத்து முரண்பாடு' என்று முடித்திருந்தார்கள். ஆனால் இணைப்பில் வரவுப் பதிவேட்டின் பிரதிகள் இருந்தன. பாடசாலை 7.30க்கு. நான் வருகை நேரமாக 7.26 என்றும் 7.24 என்றும் எழுதிக் கையொப்பமிட்ட நாட்களில், என் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு கீறப்பட்டிருந்தது. பதினொரு நாட்கள். அந்த இளம் ஆசிரியைக்கும் அப்படியே. யாருடைய வாக்குமூலமும் இல்லாமல் அந்தப் பதிவேடே சாட்சியாகியது. அதை வைத்து மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதினேன்.

இதற்கிடையில் 2019 ஏப்ரல் 21 வந்தது. குண்டுவெடிப்புகளுக்குப் பின் எங்கள் சமூகம் இருந்த நிலையை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள். "இந்த நேரத்துலயா டீச்சர்? எங்கட ஊட்டுக் கத எங்கட ஊட்டுக்குள்ளயே இரிக்கட்டும்" என்றார்கள். தேநீர் கொடுத்து அனுப்பினேன். முறைப்பாட்டைத் திரும்பப் பெறவில்லை. அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால் ஆய்வுகூடத்தில் அழுதவளும் அந்தச் சமூகத்தின் பிள்ளைதான். வெளியார் நம்மை அவமதிக்கும்போது நீதி கேட்கும் நாம், நம் வீட்டுக்குள் அவமதிக்கப்படுபவளிடம் பொறுத்துக்கொள் என்று சொன்னால், வெளியே கேட்ட நீதிக்கும் வலுவிருக்காது.

அதே வருடம் ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் அமைப்பு 190ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வேலைத்தல வன்முறை, தொந்தரவு என்பவற்றுள் உளரீதியான தீங்கையும் அது சேர்த்துக்கொள்கிறது. பத்திரிகையில் அதைப் படித்தபோது, நாங்கள் பெயர் தெரியாமல் அனுபவித்ததற்கு உலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது என்று ஓர் ஆறுதல்.

வருட இறுதியில் எனக்குக் கடிதம் வந்தது. சம்பவத்திரட்டுப் பதிவுகள் நான்கும் இரத்துச் செய்யப்பட்டிருந்தன. சம்பள ஏற்றம் நிலுவையோடு வந்தது. அந்தப் பிள்ளையின் நிரந்தரமாக்கலும் கிடைத்தது. பிரசவத்தின் பின் அவள் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். அதிபர் தன்னுடைய முறைக்கு இடமாற்றம் பெற்று, இன்னும் பெரிய பாடசாலையொன்றுக்குப் போனார். பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தினார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செய்தது தவறு என்று எந்தக் கடிதத்திலும் ஒரு வரியில்லை. இதை வெற்றி என்று சொல்வதா, தெரியவில்லை. பதிவு அழிந்தது, பொறுப்பு நிலைநாட்டப்படவில்லை.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. அதிபரைப் பற்றிய முறைப்பாடு அதிபர் ஊடாகப் போகக் கூடாது. வாக்குமூலம் பாடசாலைக்கு வெளியே எடுக்கப்பட வேண்டும். அறிக்கையின் பிரதி, கேட்காமலே, முறைப்பாட்டாளருக்குக் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் இருந்திருந்தால் இரண்டு வருடம் இரண்டு மாதமாகியிருக்கும்.

இப்போதும் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். போன மாதம் ஓர் ஆசிரியர் கடிதமொன்றைக் கொண்டுவந்து காட்டினார். கோபம் நிறைய இருந்தது, திகதிகள் இல்லை. "கோபத்த வெட்டுங்க தம்பி, திகதியப் போடுங்க" என்றேன். இருவரும் இருந்து திருத்தினோம். மேலே 'அதிபர் ஊடாக' என்றிருந்தது. அதை விட்டுவிட்டு, இரண்டாம் பிரதியில் 'முற்பிரதி' என்று எழுதச் சொன்னேன். தபால் கந்தோர் மூட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.